அந்த ஏழில் இரண்டு கூமுட்டை இல்லை

கேள்வி: என்னிடம் ஆறு வயதுப் பெண் பாம்பு ஒன்று இருக்கிறது, பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பு வகை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதை வளர்த்தவரிடம் இருந்தபோது வேறொரு ஆணோடு சேர்ந்து 6 முட்டை இட்டு ஆறும் பொரித்ததாகச் சொல்லித்தான் கொடுத்தார். இந்த முறை என்னுடைய 15 மாத ஆணை (520 கிராம்) மூன்று நாள் அதோடு விட்டேன். ஒருமுறை சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் ஆண் சாப்பிடாமல் இருந்ததால் பிரித்துவிட்டேன். நாலரை மாதம் கழித்து 7 முட்டை இட்டது. அதற்கு 29 நாள் முன்னால் சட்டை உரித்தது. ஐந்து முட்டைகள் சிறிதாக, மஞ்சளாக, மெழுகு போல இருந்தன. இரண்டு பெரிதாக, வெள்ளையாக இருந்தன. எல்லாவற்றையும் 32 டிகிரியில் இன்குபேட்டரில் வைத்து, காலையும் மாலையும் திருப்பிவிட்டு, தண்ணீர் தெளித்தேன். பத்தாம் நாள் வெள்ளை இரண்டும் அமுங்கிப் போயின. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், மஞ்சள் கருவின் மேல் சிவப்பாகக் கிளைவிட்ட கோடுகள் இருந்தன. ஏழும் கூமுட்டை என்று தூக்கிப் போட்டுவிட்டேன். இரண்டு பாம்புகளையும் இரவு பகலாக முழுப் பெட்டியும் 32 டிகிரியில் இருக்கும்படி வைத்திருக்கிறேன். 2,100 கிராம் இருந்த பெண் இப்போது 1,400 கிராம். சாப்பிட மறுத்து, காலிப் பெட்டியின் மூலையைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. இது குறையுள்ள பாம்பா? கொடுத்துவிடலாமா? ஊசி, வைட்டமின் ஏதாவது உண்டா? உடனே மறுபடி சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நாலைந்து முறை படித்தேன். அறுத்த முட்டைக்குள் சிவப்பாகக் கிளைவிட்ட கோடுகள் இருந்தன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அந்த வரியிலேயே பதில் இருக்கிறது.

கருவுறாத முட்டைக்குள் இரத்தக்குழாய் வளராது. கருதான் தன் தேவைக்காக மஞ்சள் கருவின் மேல் அந்த வலையைப் பின்னிக்கொள்ளும். அப்படியானால் அந்த முட்டையில் ஒரு பாம்பு வளரத் தொடங்கி, சில நாள் வாழ்ந்து, இறந்துபோயிருக்கிறது. அறுக்காத இன்னொரு வெள்ளை முட்டையும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும். இது வருத்தமான செய்தி என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த முறைக்குப் போனால் அதே இழப்பு மறுபடியும் வரும்.

ஆக, உங்களுக்கு நடந்தது ஒரு தோல்வி இல்லை, இரண்டு. ஐந்து முட்டைகள் கருவுறவே இல்லை. இரண்டு கருவுற்ற பின் இறந்தன. இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. வளர்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்துக் கூமுட்டை என்று சொல்லிவிடுவதால்தான் ஆண்டுக்கணக்கில் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த ஐந்தைப் பார்ப்போம்.

பெண் பைத்தானின் சினைப்பையில் மஞ்சள் கருக்கள் வளர்வதற்கு ஆணின் விந்து தேவையில்லை. உடலில் போதிய கொழுப்பும், பருவத்தின் குறிப்புகளும் இருந்தால் அவை வளரும். பல நேரம் ஆண் இல்லாவிட்டால் வளர்ந்ததை உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சில நேரம் உறிஞ்சாமல் முட்டையாகவே இட்டுவிடும். 2020ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில், 60 வயதுக்கு மேல் இருக்கும் என்று கணிக்கப்பட்ட ஒரு பால் பைத்தான், 15 ஆண்டுகளுக்கு மேல் எந்த ஆணோடும் சேராமலேயே 7 முட்டை இட்டது. முட்டை இடுவது பெண்ணின் வேலை. அது கருவுறுவதற்கு விந்து சரியான நேரத்தில் அங்கே காத்திருக்க வேண்டும். உங்கள் பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

அந்தச் சரியான நேரம் எது? முழு அளவுக்கு வளர்ந்த மஞ்சள் கருக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சினைப்பையை விட்டு முட்டைக்குழாய்க்குள் இறங்கும். இதைத்தான் ஓவுலேஷன் என்கிறோம். கருவுறுதல் அந்தக் கட்டத்தில், ஓடு படிவதற்கு முன்னால் நடந்து முடிய வேண்டும். ஓடு படியத் தொடங்கிய பிறகு எத்தனை முறை சேர்த்தாலும் பயனில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஓவுலேஷனுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பெண் சட்டை உரிக்கும். உரித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை இடும். உங்கள் பெண் உரித்து 29 நாளில் இட்டிருக்கிறது, இது மிகச் சரியான இடைவெளி. அப்படியானால் ஓவுலேஷன் நடந்தது முட்டையிட்டதற்குச் சுமார் 45 முதல் 50 நாள் முன்னால். நீங்கள் ஆணை விட்டதோ நாலரை மாதம் முன்னால். இடையில் ஏறக்குறைய மூன்று மாதம். ஒரே ஒரு முறை சேர்ந்த ஓர் இளம் ஆணின் விந்து அந்த மூன்று மாதமும் பெண்ணின் உடலுக்குள் தாக்குப்பிடித்திருக்க வேண்டும்.

பெண் பாம்புகளால் விந்தைச் சேமித்து வைக்க முடியும், அது உண்மைதான். ஆனால் சேமித்த விந்து நாளாக ஆக வலுவும் எண்ணிக்கையும் குறையும். ஏழில் இரண்டு மட்டும் கருவுற்று ஐந்து விட்டுப்போனது இந்தப் படத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே விந்து போதவில்லை என்பதுதான் என் முடிவு. பெண்ணின் குழாயில் அடைப்போ நோயோ இருந்தாலும் இப்படிப் பாதி முட்டை வீணாகலாம். ஆனால் முன்பு 6 முட்டை இட்டு ஆறையும் பொரித்த பாம்பிடம் அதை நான் முதலில் தேட மாட்டேன்.

இங்கே இன்னொரு சாத்தியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரண்டு முட்டைகளும் உங்கள் ஆணுடையவையாக இல்லாமலும் இருக்கலாம். முன்பு சேர்ந்த ஆணின் விந்தே கொஞ்சம் மிஞ்சியிருந்திருக்கலாம். வாய்ப்பு குறைவுதான், இல்லையென்று தள்ளவும் முடியாது. அப்படியானால் உங்கள் ஆண் இன்னும் தன்னை நிரூபிக்கவில்லை. சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்கிறீர்கள். வால்கள் பின்னிக்கொண்டு கிடந்தது விந்து இறங்கியதற்குச் சான்று ஆகாது.

இதைச் சோதிப்பது எளிது. அடுத்த முறை சேர்ந்து பிரிந்த உடனே, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் கழிவாயிலிருந்து ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். விந்தணு இருக்கிறதா, துடிப்பாக நீந்துகிறதா என்பது சில நிமிடத்தில் தெரியும். அப்படியே ஆண் பாம்பின் இரட்டைக் குறி இரண்டும் நன்றாக இருக்கின்றனவா, உள்ளே காய்ந்த விந்து கட்டிக்கொண்டு அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே பிதுக்கிப் பார்க்க வேண்டாம். பெண்ணைக் கொடுத்துவிட நினைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இதுதான்.

15 மாதம், 520 கிராம் என்பது ஆணுக்கு முடியாத வயதும் இல்லை, எடையும் இல்லை. அந்த எடையிலேயே குஞ்சு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது எல்லைக்கோடு. 700 கிராமைத் தாண்டிய ஆண் பல முறை சேர்வதற்கும், நடுவில் சாப்பிடாமல் கிடப்பதற்கும் தாங்கும். இணை சேரும் காலத்தில் ஆண் சாப்பிட மறுப்பது வழக்கமான ஒன்று. நீங்கள் பயந்து பிரித்ததில் தப்பில்லை. பிரித்தபின், அது சாப்பிட்டுத் தேறியதும் மறுபடி விடாமல் போனதுதான் இழப்பு.

வயதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது உங்கள் பெட்டியின் சூடு. முழுப் பெட்டியும் இரவு பகல் 32 டிகிரி என்றால் அந்தப் பாம்புகளுக்கு ஒதுங்க இடமே இல்லை. ஒரு மூலை 31, 32 இருக்கலாம். எதிர் மூலை 25, 26 ஆக இறங்க வேண்டும். எங்கே, எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும் என்று பாம்புக்குத் தெரியும், நாம் இடம் கொடுத்தால் போதும். மாதக்கணக்கில் சூட்டை விட்டு விலக முடியாமல் வளரும் ஆண் பைத்தானின் விந்து தரம் கெடுகிறது என்பது இனப்பெருக்கம் செய்பவர்கள் நெடுநாளாகக் கண்டுவரும் அனுபவம். சூடு மாறாமல் ஒரே மாதிரி இருந்தால் பெண்ணுக்கும் பருவம் மாறிய குறிப்பு கிடைக்காது. சேர்ப்பதற்கு முன் இரண்டு மாதம் இரவில் மட்டும் மூன்று நான்கு டிகிரி குறையட்டும். பகலில் சூடான மூலை அப்படியே இருக்க வேண்டும். சளி, மூச்சிரைப்பு இருக்கிற பாம்புக்கு இந்தக் குளிர்விப்பு கூடாது.

அப்புறம் ஆணை இரண்டு மூன்று நாள் விடுங்கள், எடுங்கள், சாப்பிட வையுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி விடுங்கள். ஓவுலேஷன் நடக்கும்வரை இதைத் தொடர வேண்டும். ஓவுலேஷனைக் கண்ணாலேயே பார்க்கலாம். உடலின் நடுப்பகுதி பெரிய இரையை விழுங்கியது போலத் திடீரென்று வீங்கி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வடிந்துவிடும். தினமும் ஒரு பார்வை பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். தவறவிட்டுவிடுவோம் என்று பயமாக இருந்தால் மருத்துவரிடம் ஸ்கேன் செய்து மஞ்சள் கருக்களின் வளர்ச்சியை அளந்துகொள்ளலாம். அது முடிந்த பிறகு ஆணை விட வேண்டாம், பெண்ணுக்கு வீண் தொல்லை.

பால் பைத்தானில் சில நிற வகைகளுக்குக் குறை பிறவியிலேயே இருக்கிறது. டெசர்ட் வகைப் பெண்கள் நல்ல முட்டை இடுவதில்லை, முட்டை சிக்கிக்கொள்வதும் உண்டு. அவற்றை ஆணோடு சேர்ப்பதே தவறு என்பேன். முன்பு ஆறு குஞ்சு கொடுத்த உங்கள் பெண்ணுக்கு இந்தச் சந்தேகம் எழவே இல்லை.

இப்போது அந்த இரண்டு வெள்ளை முட்டைகள்.

கோழி முட்டையைத் திருப்பிவிடுவது போலத் திருப்பியிருக்கிறீர்கள். கோழி முட்டைக்கு அது வேண்டும், பாம்பு முட்டைக்கு அது ஆபத்து. கோழி முட்டையின் மஞ்சள் கருவை நடுவில் தாங்கிப் பிடிக்கும் முறுக்கிய இழைகள் பாம்பு முட்டையில் கிடையாது. இட்ட முதல் நாள் கழிந்ததும் கரு மேல்பக்கமாக ஒட்டிக்கொண்டு அங்கேயே வளரும். கவிழ்த்தால் மெல்லிய இரத்தக்குழாய்கள் கிழியலாம், மேலே இருக்க வேண்டிய கரு மஞ்சள் கருவின் எடைக்கு அடியில் மாட்டிக்கொள்ளலாம். எப்போதோ ஒருமுறை புரண்டதால் எல்லா முட்டையும் சாவதில்லை. தினம் இரண்டு முறை என்பது வேறு.

முட்டையை எடுத்த உடனே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கடைசி நாள்வரை அந்தப் புள்ளி மேலேயே இருக்கட்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க வேண்டாம், கொத்தாகவே வையுங்கள்.

தண்ணீர் தெளித்ததும் தப்புதான். ஈரம் முட்டையைச் சுற்றிய காற்றில் இருக்க வேண்டும், ஓட்டின் மேல் துளியாக நிற்கக் கூடாது. வெர்மிகுலைட் என்ற, ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளை அதே எடை தண்ணீரில் பிசைந்து, கையில் இறுக்கிப் பிடித்தால் ஓரிரு துளிக்கு மேல் சொட்டாத அளவுக்கு வைத்து, அதில் முட்டையைப் பாதி புதைத்து, மூடி போட்டுவிட்டால் போதும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கள். 31 முதல் 32 டிகிரிக்குள் நிலையாக இருந்தால் 55 முதல் 60 நாளில் பொரிக்கும். நீங்கள் வைத்த 32 சரியான அளவுதான், ஆனால் தெர்மாமீட்டரின் முனை முட்டைக்குப் பக்கத்தில் இருந்ததா? மூடியிலும் அடியிலும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசம் சூடு கூடும் பக்கமாக வந்தால் கரு தாங்காது.

டார்ச் வெளிச்சத்தில் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, முட்டையைத் தூக்காமல், பக்கவாட்டில் சின்ன டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். கருவுற்ற முட்டையில் சில நாளிலேயே செந்நிறக் குழாய்கள் தெரியும். கருவுறாதது முழுக்க ஒரே மஞ்சளாக ஒளிரும், உள்ளே எதுவும் ஓடாது. முதல் நாள் எதுவும் தெரியவில்லை என்றால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள். வெள்ளையாக, பெரிதாக இருப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் முழு ஓடு படிந்தும் கருவுறாத முட்டைகள் உண்டு. வெளிச்சம்தான் உறுதியாகச் சொல்லும். கடைசி இரண்டு வாரத்தில் நல்ல முட்டையும் அமுங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமுங்கியதை மட்டும் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

இதை அழுத்திச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் ஒரு டப்பா நிறைய முட்டைகளோடு வந்தார். பூஞ்சை பிடித்து, பக்கம் அமுங்கி இருந்தன. வெளிச்சத்தில் பார்க்காமலேயே எல்லாம் கெட்டுப்போனவை என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஒன்றை மட்டும் அறுத்தேன். உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் மற்றவை குப்பைக்குப் போயிருந்தன. அன்றிலிருந்து வெளிச்சத்தில் பார்க்காமல் எந்த முட்டையையும் நான் கழித்ததில்லை. நல்ல முட்டையாக இருந்தால் எப்படியும் பிழைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பூஞ்சை விஷயத்தில் அது ஓரளவு சரி. திருப்புவதற்கும் அதிகச் சூட்டுக்கும் அது பொருந்தாது.

ஊசி, வைட்டமின் கேட்டிருந்தீர்கள். கருவுற வைக்கும் மருந்து எதுவும் கிடையாது. யாராவது கொடுத்தாலும் போட வேண்டாம்.

உடனே மறுபடி சேர்க்கவும் வேண்டாம். கூமுட்டையாக இருந்தாலும் ஏழு முட்டைக்கான கொழுப்பும் சுண்ணாம்பும் அந்த உடலிலிருந்துதான் போயிருக்கின்றன. 700 கிராம், அதாவது எடையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. அது 2,000 கிராமைத் தொட்டு, சில மாதம் அந்த எடையிலேயே நிற்கட்டும். அடுத்த பருவத்துக்குள் வராவிட்டால் அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். அவசரமாக இரை திணித்து எடை ஏற்றினால் கொழுத்த பெண்தான் கிடைக்கும், அதுவும் முட்டைக்கு நல்லதில்லை.

கடைசியாக, இன்றே செய்ய வேண்டியது. பெண் மூலையைச் சுற்றிக்கொண்டு கிடப்பது நோய் இல்லை, அடைகாக்கிறது. பால் பைத்தான் தாய் முட்டைகளைச் சுற்றிப் படுத்து அவை காய்ந்துபோகாமல் காக்கும். முட்டையை எடுத்த பிறகும் அந்த வாசனை பெட்டியில் இருக்கும்வரை அது நகராது, சாப்பிடவும் பெரும்பாலும் மறுக்கும். பெட்டியை முழுக்கக் கழுவிப் புது விரிப்பு போடுங்கள். பாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, உடலில் ஒட்டிய வாசனை போகும்படி மெதுவாகத் துடையுங்கள். சூடான மூலையையும் குளிர்ந்த மூலையையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வழக்கத்தைவிடச் சின்ன இரையாகக் கொடுத்துப் பாருங்கள்.

அதற்கு முன் ஒன்று. உடலின் பின்பாதியை விரல்களின் மேல் மெதுவாக ஊர்ந்து போக விடுங்கள். உருண்டையாக, கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், கழிவாயில் வீக்கமோ கசிவோ இருந்தால், முக்குவது போலத் தெரிந்தால், ஒரு முட்டை உள்ளேயே தங்கியிருக்கலாம். சின்னக் கூமுட்டைகள் இப்படித் தங்கிவிடுவதுண்டு. அழுத்தித் தள்ளப் பார்க்காதீர்கள், குழாய் கிழிந்துவிடும். எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போங்கள். எதுவும் தட்டுப்படாவிட்டாலும், பெட்டி கழுவி மூன்று வாரமாகியும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது இந்தக் கடிதத்தில் எழுதிய தேதிகளையும் எடைகளையும் அப்படியே கொண்டு போங்கள். இவ்வளவு விவரமாகக் குறித்து வைத்திருக்கிறவர்கள் குறைவு. உங்களுக்கு என்ன நடந்தது என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடிந்ததும் அதனால்தான்.